ஆரஞ்சு பனியனும் ஆயிரம் சிசியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுட்டே வந்த பதிவு இது. ஆபீஸ்ல ஆணி அதிகம் என்பது ஒரு காரணம். கோபம் கொஞ்சம் ஆறட்டும், ஆறின பிறகு எழுதினால் நியாயமா இருக்கும்னு நினைச்சது இன்னொரு காரணம். மூணு மாசம் ஆச்சு. ஆறலை. அதனால சூட்டோடயே எழுதிடறேன்.

பைக் பத்தின பதிவுன்னதும் ஓடிப்போற மக்கள் கொஞ்சம் நில்லுங்க. பிஸ்டன், டார்க் எல்லாம் இதில் வராது. ஒரு விண்ணப்பப் படிவத்தில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் என்ன ஆச்சு என்பதுதான் விஷயம். படிவம்னா நம்ம எல்லாருக்கும் தெரியும்தானே.

டிராக் டேன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ரேஸ் நடக்குற டிராக்கை யாராவது ஒரு குழு ஒரு நாள் வாடகைக்கு எடுப்பாங்க. நாம காசு கட்டி, நம்ம வண்டியைக் கொண்டு போய் ஓட்டலாம். எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது, ஷேர் ஆட்டோ திடீர்னு நிக்காது. இருபது நிமிஷம் ஒரு குரூப் ஓட்டும், அப்புறம் அடுத்த குரூப். இது ரேஸ் இல்லை. பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. வண்டி ஓட்டக் கத்துக்கிற இடம். அப்படித்தான் நான் பத்து வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வரேன். ஞாயித்துக்கிழமை விடிகாலை ஈசிஆர்ல 150, 160-ல பறக்குற பசங்களைப் பார்த்து, "தம்பி, உனக்கு வேகம் வேணுமா, டிராக்குக்கு வா, ரோட்டுல சாகாதே"ன்னு எத்தனை பதிவு எழுதியிருப்பேன். அதைப் படிச்சுட்டு நாலஞ்சு பசங்க நிஜமாவே இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து ஹெல்மெட்டோட நின்னாங்க. அதனாலதான் இந்தக் கோபம் என் தனிப்பட்ட கோபம் மட்டும் இல்லை. கூட்டிட்டுப் போனவன் பதில் சொல்லணும்.

எனக்கு ஊர் டிராக் இருங்காட்டுக்கோட்டைதான். ஸ்ரீபெரும்புதூர் போற வழியில மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட டிராக். இப்போ மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்னு பேர் மாத்திட்டாங்க, வாய்ல வரமாட்டேங்குது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. அதுக்கும் முந்தி சோழவரத்துல பழைய விமான ஓடுதளத்துல ரேஸ் நடக்கும். அப்பா தோள்ல உட்கார்ந்து பார்த்திருக்கேன், புழுதியும் சத்தமும்தான் ஞாபகம். சோழவரமும் சமதளம், இருங்காட்டுக்கோட்டையும் கிட்டத்தட்ட சமதளம். ஆக நான் தட்டையான தரையில் மட்டுமே வேகமா ஓட்டத் தெரிஞ்ச ஆள். இது ஒரு குறைன்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியவே தெரியாது.

கிரேட்டர் நொய்டாவில இருக்கிற புத் இன்டர்நேஷனல் சர்க்யூட்ல ஒரு தடவையாவது ஓட்டணும்னு ஆசைப்படாத பைக்காரன் இந்தியாவில கிடையாது. 2011, 12, 13 மூணு வருஷமும் ஃபார்முலா ஒன் நடந்த இடம். மூணையும் வெட்டல்தான் ஜெயிச்சார். அப்புறம் 2023 செப்டம்பர்ல மோட்டோஜிபி வந்துச்சு. நம்ம அண்ணாச்சி அதை டிவியில் பார்த்ததிலிருந்தே "தம்பி, ஒரு நாள் அங்க போயிடணும்டே"ன்னு ஆரம்பிச்சுட்டார்.

அண்ணாச்சி பத்தி கொஞ்சம் சொல்லணும். பேர் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம், சென்னையில் வியாபாரம், வயசு 44. வாழ்நாள் முழுக்க யமஹா ஆர்எக்ஸ் 100 ஓட்டினவர். பிள்ளைகளைக் காலேஜ்ல சேர்த்துட்டு, கடனை எல்லாம் அடைச்சுட்டு, தனக்குன்னு ஒண்ணு வாங்கினார். ஆயிரம் சிசி ஜப்பான் வண்டி, செகண்ட் ஹேண்ட். வாங்கி ஆறு மாசம்தான். இருங்காட்டுக்கோட்டையில ரெண்டு டிராக் டே ஓட்டியிருந்தார், ரெண்டு தடவையும் ரொம்ப நிதானமா. கோபப்படாத மனுஷன். முன்னால போறவனுக்கு வழி விட்டுட்டு, திரும்பி வந்து டீ வாங்கித் தர்ற ரகம்.

பிப்ரவரி முதல் வாரம் ஒரு டிராக் டே அறிவிச்சாங்க. நடத்துறவங்க யார்னு சொல்லப் போறதில்லை. டிராக்கை வாடகைக்கு எடுத்த குழு, அவ்வளவுதான். டிராக்கோட சொந்தக்காரங்களுக்கும் நான் சொல்லப் போற விஷயத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆளுக்குப் பதினஞ்சாயிரத்துக்குப் பக்கத்துல கட்டணம். தங்கமணிகிட்ட "டில்லியில ஒரு வேலை"ன்னு சொன்னேன். பொய்யில்லை பாருங்க. அண்ணாச்சி வண்டியை லாரியில போட்டார். என்னோட கேடிஎம் ஆர்சி 390-ஐ சென்ட்ரல்ல பார்சல் புக் பண்ணி, பெட்ரோலைச் சொட்டுக்கூட இல்லாம வடிச்சு, சாக்கு சுத்தி அனுப்பினேன். நாங்க தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல போனோம். புது டில்லி ஸ்டேஷன்லேர்ந்து ஒரு குட்டி யானையில வண்டியை ஏத்தி கிரேட்டர் நொய்டா போய்ச் சேர்ந்தப்போ ராத்திரி பதினொண்ணு. குளிர்னா குளிர், அப்படி ஒரு குளிர். அண்ணாச்சி லெதர் சூட்டைப் போட்டுக்கிட்டே தூங்கினார்.

வழியெல்லாம் என்ன பண்ணோம்? போன்ல அந்த டிராக்கோட வீடியோவைப் பார்த்தோம். இட்டார்சி வரைக்கும் பார்த்தோம், இட்டார்சி தாண்டியும் பார்த்தோம். 5.125 கிலோமீட்டர், 16 வளைவு, எல்லாம் மனப்பாடம். கண்ணை மூடிக்கிட்டு அண்ணாச்சி "வலது, லேசா இடது, வலது, நேரா ஒரு கிலோமீட்டர், வலது"ன்னு ஒப்பிப்பார். எதிர் சீட்டு அம்மா ஏதோ மந்திரம்னு நினைச்சுட்டாங்க.

மறுநாள் காலை ஆறரைக்குக் கேட்டுல நிக்கிறோம். பனின்னா பத்தடிக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியலை. டார்ச் வெளிச்சத்துல படிவம் கொடுத்தாங்க. ஆறு பக்கம். ஏதாவது ஆனா நாங்க பொறுப்பில்லை என்பதை ஆறு விதமா எழுதியிருந்தாங்க. பேர், வயசு, ரத்த வகை, வண்டி என்ன, எத்தனை சிசி, அவசரத்துக்கு யாருக்குப் போன் பண்ணணும். அனுபவம்: புதியவர், ஓரளவு, தேர்ந்தவர் - ஏதாவது ஒண்ணை டிக் பண்ணுங்க.

நான் "தேர்ந்தவர்"னு டிக் பண்ணேன். இதுக்கு அப்புறம் வரேன்.

இப்போ கவனிங்க. ரத்த வகை கேட்டவங்க, செத்தா யாருக்குச் சொல்லணும்னு கேட்டவங்க, ஒரே ஒரு கேள்வியைக் கேட்கலை: "இந்த டிராக்குல இதுக்கு முன்னால ஓட்டியிருக்கீங்களா?" ஆறு பக்கத்துல எங்கேயும் இல்லை.

குரூப் எப்படிப் பிரிச்சாங்க தெரியுமா? சிசியை வச்சு. 300-க்குக் கீழே ஒரு குரூப், 300-லேர்ந்து 600 வரைக்கும் ஒரு குரூப், அதுக்கு மேல எல்லாம் ஒரு குரூப். அவ்வளவுதான் கணக்கு. அங்க ஒரு டில்லிப் பையன், 200 சிசி பல்சர் வச்சிருந்தான். அந்த டிராக்குல இருபது தடவைக்கு மேல ஓட்டினவனாம், ஒவ்வொரு வளைவும் அவன் வீட்டு வாசல் மாதிரி. அவன் சின்ன குரூப்ல. அந்த இடத்தை வாழ்க்கையிலேயே முதல் தடவையா பார்க்குற நம்ம அண்ணாச்சி, வண்டி பெருசுங்கிற ஒரே காரணத்துக்காக, அங்கேயே பழம் தின்னு கொட்டை போட்ட ஆளுங்களோட பெரிய குரூப்ல. வண்டியோட சிசியை ஓட்டுறவன் மூளைக்குள்ள இருக்கிற சிசின்னு நினைச்சா இப்படித்தான் ஆகும்.

அனுப்பின மெயில்ல ஒரு நல்ல விஷயம் இருந்துச்சு. முதல் செஷன்ல ரெண்டு சுத்து மார்ஷல் பின்னாடி மெதுவா போகணும், யாரும் யாரையும் முந்தக்கூடாது, டிராக்கைக் காட்டிக் கொடுப்பாங்கன்னு. சைட்டிங் லேப்னு சொல்லுவாங்க. பனி விலகப் பத்து மணி தாண்டிருச்சு. ரெண்டு மணி நேரம் போச்சு. இப்போ என்ன பண்ணுவாங்க? எதைக் குறைப்பாங்க? மதிய சாப்பாட்டு நேரத்தைக் குறைக்கலாம். சாயங்காலம் போட்டோ எடுக்குற நேரத்தைக் குறைக்கலாம். அவங்க சைட்டிங் லேப்பைத் தூக்கினாங்க. "எல்லாரும் வீடியோ பார்த்திருப்பீங்க, நேரம் இல்லை, பார்த்துப் போங்க." இதை இந்தியும் இங்கிலீஷும் கலந்து ஒரே மூச்சில் சொன்னார் ஒருத்தர். அண்ணாச்சிக்கு இந்தி "அச்சா"வோட முடிஞ்சுது. எனக்கு அதுக்கும் மேல நாலு வார்த்தை. மஞ்சக் கொடி, சிவப்புக் கொடி விஷயத்தை மட்டும் நான் காதுல மொழிபெயர்த்தேன். கூட்டத்துல பாதிப் பேர் கைதட்டினாங்க. ரெண்டு சுத்து மிச்சமாச்சாம்.

சின்ன குரூப் போயிட்டு வந்துச்சு. அடுத்து என் குரூப்.

வீடியோ பொய் சொல்லும் மக்களே. வேணும்னே சொல்லாது, ஆனா சொல்லும். கேமரா எல்லா மேட்டையும் இஸ்திரி போட்டுத் தட்டையாக்கிடும். டர்ன் 3-க்குப் போறப்போ வீடியோல ஒரு சாதாரண வலது வளைவுதான் தெரிஞ்சுது. நேர்ல போனா அது ஒரு ஏத்தம். எதிர்ல ரோடு இல்லை, வானம்தான் இருக்கு. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு மேல ஏறின பிறகுதான் தெரியும். அந்த டிராக்குலயே முக்கியமான வளைவு அதுதான், ஏன்னா அதுக்கப்புறம் ஒரு கிலோமீட்டருக்கு மேல நேர்பாதை. அங்க தட்டுத்தடுமாறி வெளியே வந்தா ஒரு கிலோமீட்டரும் தட்டுத்தடுமாறினதுதான். அந்த நேர்பாதையும் நேரா இல்லை. கீழே இறங்கி மேல ஏறுது. இருங்காட்டுக்கோட்டையில இத்தனையாவது போர்டுல பிரேக் பிடிக்கணும்னு என் கைக்குத் தெரியும், மூளையைக் கேட்காமலே பிடிக்கும். அந்தக் கை இங்கேயும் தன் பழக்கத்துக்குப் பிடிச்சுது. டர்ன் 4-ல நான் வளையவே இல்லை. நேரா வெளியே போனேன். வெளியே இடம் தாராளமா இருந்ததால தப்பிச்சேன், கையைத் தூக்கிட்டு, அசடு வழிஞ்சு திரும்பி வந்தேன். 160 கிலோமீட்டர் வேகத்துல ஒரு நொடிக்கு 44 மீட்டர். அரை நொடி யோசிச்சா 22 மீட்டர் போயாச்சு.

அப்புறம் வந்துச்சு டர்ன் 10. வலது பக்கம் திரும்புது. திரும்புது. திரும்பிட்டே இருக்கு. முடிஞ்சுதுன்னு மனசு சொல்லும், முடியாது. 10-ம் 11-ம் சேர்ந்து ஒரே நீள வளைவு, ரெண்டு இடத்துல உள்பக்கத்தைத் தொட்டுட்டு வரணும். முடிஞ்சுதுன்னு நம்பி ஆக்சிலேட்டரை முறுக்கினா வண்டி வெளிப்பக்கம் இழுக்கும். எனக்கு இழுத்துச்சு. 390 சின்ன வண்டி, பாவம், மன்னிச்சு விட்டுடுச்சு. இன்னொண்ணு, குளிர். சென்னையில டயர் சூடாகுறது ஒரு பிரச்சனையே இல்லை, பார்க்கிங்ல நின்னாலே சூடாகும். இங்க மூணு சுத்து ஓட்டியும் பின் டயர் கல்லு மாதிரி இருந்துச்சு. இதையும் எந்த வீடியோவும் சொல்லலை.

இருபது நிமிஷம் முடிஞ்சு உள்ளே வந்தேன். கால் நடுங்குது. பெரிய குரூப் வெளியே போறதுக்கு வரிசையா நிக்குது. அண்ணாச்சி ஹெல்மெட் மாட்டிட்டு கடைசியில நிக்கிறார். நான் வண்டியில இருந்தபடியே கத்தினேன்: "அண்ணாச்சி, டர்ன் 10 முடியவே முடியாது! முறுக்கிடாதீங்க!" இருபது பெரிய வண்டியோட உறுமல். அவர் என்னைப் பார்த்தார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். போயிட்டார்.

அவருக்கு ஒரு எழுத்துக்கூடக் கேட்கலையாம். நான் "ஆல் தி பெஸ்ட்" சொல்றேன்னு நினைச்சாராம்.

மூணாவது சுத்து. டர்ன் 10-ல ரெண்டு டில்லி வண்டிங்க அவரை உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே நேரத்துல முந்தியிருக்கு. அவங்க மேல தப்பு இல்லை, பெரிய குரூப்ல இருக்கிறவனுக்கு டிராக் தெரியும்னுதானே அவங்க நினைப்பாங்க. இவர் அவங்க போற வேகத்தைப் பார்த்து வளைவு முடிஞ்சுதுன்னு முறுக்கியிருக்கார். வெளிப்பக்கம் இழுத்ததும் பயந்து முன் பிரேக்கைப் பிடிச்சிருக்கார். சாஞ்சிருக்கிற வண்டியில குளிர்ந்த டயரோட முன் பிரேக்கைப் பிடிச்சா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. சிவப்புக் கொடி. நான் பிட் சுவத்து மேல நின்னு ஒவ்வொரு வண்டியா எண்ணிட்டிருந்தேன். எல்லாம் வந்துச்சு, ஒண்ணு வரலை.

காறை எலும்பு ரெண்டா உடைஞ்சுது. விலா எலும்புல ஒரு விரிசல். ஆம்புலன்ஸ் உடனே போச்சு, அதுல இருந்த பையன் தங்கமான பையன், அதைச் சொல்லாம இருக்கக்கூடாது. ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி, "தம்பி, வண்டிக்கு என்ன ஆச்சு?" ரெண்டாவது கேள்வி, "வீட்டுக்குச் சொல்லிட்டியா?" படிவத்துல எழுதின நம்பருக்கு நான்தான் பேசினேன். அந்த மூணு நிமிஷத்தை எழுத முடியாது. விடுங்க.

சாயங்காலம் நடத்துறவர்கிட்ட போய்க் கேட்டேன். சைட்டிங் லேப்பை ஏன் எடுத்தீங்க, புது ஆளை ஏன் அந்தக் குரூப்ல போட்டீங்கன்னு. அவர் சொன்னதோட சாரம் மூணு. கையெழுத்துப் போட்டுத்தானே வந்தார். ஆயிரம் சிசி வாங்கினவருக்கு ஓட்டத் தெரியும்னு நாங்க எப்படி நினைக்காம இருக்க முடியும். மத்தவங்க காசு கொடுத்திருக்காங்க, அவங்க நேரத்தை வீணாக்க முடியாது.

கையெழுத்து விஷயம் வக்கீலுங்க பேச வேண்டியது. அது அவருக்குக் கோர்ட்டுல உதவும், அண்ணாச்சி எலும்புக்கு உதவாது. ரெண்டாவதைப் பாருங்க. சிசியை வச்சுப் பிரிக்கிறதுல ஒரு நியாயம் இருக்கு, நான் இல்லைன்னு சொல்லலை. நேர்பாதையில 150 சிசியும் ஆயிரம் சிசியும் ஒண்ணாப் போனா, பின்னாலேர்ந்து வர்றவன் இடிச்சுடுவான். சரி. ஆனா ஆளுங்க விழுறது பெரும்பாலும் வளைவுல. வளைவுல வித்தியாசம் வர்றது என்ஜினால இல்லை, அடுத்தது என்னன்னு தெரிஞ்சவனுக்கும் தெரியாதவனுக்கும் நடுவுல. இன்னும் சொல்லப்போனா, வண்டி பெருசாக ஆக டிராக்கைக் காட்டிக் கொடுக்க வேண்டிய அவசியம் அதிகம். என் 390, தெரியாத இடத்துக்கு என்னை 160-ல கொண்டு போச்சு. அவர் வண்டி 250-ல கொண்டு போகும். 250-ல நொடிக்கு 69 மீட்டர். எனக்கு 22 மீட்டர் செலவான அதே அரை நொடி அவருக்கு 35 மீட்டர். அப்போ யாருக்கு முதல்ல சைட்டிங் லேப் வேணும்?

மூணாவதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நேரம் வீணாகுமாம். ஐல் ஆஃப் மேன் டிடின்னு ஒரு ரேஸ் இருக்கு. ஊர் ரோட்டுல, 60 கிலோமீட்டருக்கு மேல ஒரு சுத்து, 200-க்கு மேல வளைவு. பைக் உலகத்துலேயே ஆபத்தான ரேஸ்னு பேர் வாங்கினது. அங்க முதல் தடவை வர்றவன் வேற ஊர்ல எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும் சரி, ஆரஞ்சு கலர்ல ஒரு பனியன் மாதிரி மேல மாட்டி விடுவாங்க. "இவன் புதுசு"ன்னு பின்னால வர்றவனுக்குத் தெரியணும்ல. முதல் சுத்து மார்ஷல் பின்னாடி, கட்டுப்படுத்தின வேகத்துல. பெரிய பெரிய ரேஸ்காரனெல்லாம் அந்த ஆரஞ்சைப் போட்டுக்கிட்டுச் சமத்தா பின்னாடி போறான். அவங்களுக்கு மானம் போகலை. இங்கிலாந்துல சாதாரண ஞாயித்துக்கிழமை டிராக் டேலயே காலையில முதல் செஷன்ல சைட்டிங் லேப் உண்டு, புதுசு பழசு எல்லாருக்கும். குரூப்பும் ஆளோட அனுபவத்தை வச்சுத்தான், சிசியை வச்சு இல்லை.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? இதே புத் டிராக்குல 2023-ல மோட்டோஜிபி நடந்தப்போ, புது டிராக்குங்கிறதால வெள்ளிக்கிழமை பயிற்சி நேரத்தை வழக்கத்தை விடக் கூட்டிக் கொடுத்தாங்க. யாருக்கு? மார்க்கேசுக்கும் பெஸ்ஸெக்கிக்கும் மார்ட்டினுக்கும். உலகத்துலேயே நல்லா ஓட்டுற இருபத்திச் சொச்சம் பேருக்கு, "தம்பிங்களா, இது உங்களுக்குப் புது இடம், கொஞ்சம் பார்த்துக்குங்க"ன்னு நேரம் கொடுத்தாங்க. வெயில் தாங்கலைன்னு ரேஸையே 24 சுத்துலேர்ந்து 21 ஆக்குனாங்க. மார்க்கேசுக்கு வேணும்கிற நேரம் எங்க ஊர் மளிகைக்கடை அண்ணாச்சிக்கு வேண்டாமா? இங்க பனின்னு சொல்லி வெட்டினது சரியா அந்த நேரத்தை.

"டிராக் பாதுகாப்பானது"ன்னு நாம சொல்றோமே, அது பாதி உண்மைதான். 2023-ல எங்க இருங்காட்டுக்கோட்டையிலேயே ஜனவரியில ஒரு மூத்த கார் பந்தயக்காரர் போனார், ஆகஸ்ட்ல 13 வயசுப் பையன் ஒருத்தன் பைக் ரேஸ்ல போனான். ரெண்டு பேருமே விவரம் தெரிஞ்சவங்க, ரேஸ்ல நடந்தது, அதோட இதை ஒப்பிடலை. ஆனா அந்தச் சுவத்துக்குள்ள போயிட்டா எதுவும் ஆகாதுன்னு யாராவது நினைச்சா அது மூடநம்பிக்கை. ஒவ்வொரு நாள் காலையும் யாரோ ஒருத்தர் மெனக்கெட்டாத்தான் அந்த இடம் பாதுகாப்பா இருக்கும். அந்த மெனக்கெடலுக்குத்தான் காசு கட்டுறோம், தார் ரோட்டுக்கு இல்லை. தார் ரோடு ஈசிஆர்லயே இலவசமா இருக்கு.

இதுதான் என் பயம். ஈசிஆர்லேர்ந்து நான் கூட்டிட்டு வர்ற பையன், முதல் நாள் காலையிலேயே இப்படி விழுந்து எழுந்தா என்ன சொல்லுவான்? "போய்யா, இதுக்கு முட்டுக்காடே மேல்"னு போயிடுவான். திரும்ப வரவே மாட்டான். அவனை இழுத்துட்டு வர எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

சரி, என் டிக் விஷயத்துக்கு வரேன். "தேர்ந்தவர்". மனசாட்சியோட சொன்னா, அந்த டிராக்குக்கு நான் புதியவர்தான். ஆனா பக்கத்துல ஒருத்தன் எட்டிப் பார்த்துட்டிருந்தான். பத்து வருஷமா டிராக்ல ஓட்டுறவன் "புதியவர்"னு எப்படிப் போடுவான்? கௌரவம்! அண்ணாச்சி என் படிவத்தை எட்டிப் பார்த்துட்டு, "ஓரளவு"ன்னு டிக் பண்ணார். நான் "புதியவர்"னு போட்டிருந்தா அவரும் அதையேதான் போட்டிருப்பார், எனக்கு நல்லாத் தெரியும். என்ன, போட்டிருந்தாலும் அவங்க சிசியைத்தான் பார்த்திருப்பாங்க. அது ஆறுதலான்னு ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா யோசிச்சுப் பார்ப்பேன். கைதட்டின கூட்டத்துல நான் தட்டலை, ஆனா "சார், எங்களுக்கு அது வேணும்"னு வாயைத் திறந்தும் கேட்கலை. இந்தி வரலைங்கிறது சாக்கு. ஏழெட்டு வார்த்தை இங்கிலீஷ் வராதா என்ன? பதினாலு வருஷமா பொட்டி தட்டுறேன்.

ஆளோட கூச்சத்தை நம்பி ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கக்கூடாதுங்கிறதுக்கு நானே உதாரணம். "நீ தேர்ந்தவனா?"ன்னு கேட்டா எவனும் இல்லைன்னு சொல்ல மாட்டான். "இங்க வந்திருக்கியா?"ன்னு கேளு. அதுக்கு ஆமா இல்லைதான் பதில், மானம் ரோஷம் எதுவும் அதுல கிடையாது. இல்லைன்னு சொல்றவனுக்கு ஒரு ஆரஞ்சு பனியன் கொடு. ரோடு போடுறவங்க மாட்டுறது, பாரிமுனையில நூறு நூத்தம்பது ரூபாய். அவன் வண்டி 100 சிசியோ 1000 சிசியோ, முதல் செஷன் மார்ஷல் பின்னாடி. பின்னால வர்ற டில்லிக்காரன் ஆரஞ்சைப் பார்த்தா அஞ்சடி தள்ளி முந்துவான். அன்னைக்கு அந்த ரெண்டு பேரும் பார்த்திருந்தா தள்ளித்தான் போயிருப்பாங்க. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோட வந்து நின்ன நல்ல பசங்க அவங்க.

சில நண்பர்கள் இதைச் சொன்னப்போ, "எல்லாத்தையும் பஞ்சு வச்சு மூடினா அது டிராக் டேயா, எல்கேஜியா"ன்னு கேட்டாங்க. ஐயா, எனக்கும் வேகம் பிடிக்கும். அதனாலதான் ரெண்டாயிரம் கிலோமீட்டர் சாக்கு சுத்தி அனுப்பினேன். மத்தியானத்துக்கு மேல, அண்ணாச்சிக்கு எக்ஸ்ரே எடுத்துட்டிருக்கும்போது அவரே "நீ போய் மிச்சத்தை ஓட்டுடே, காசு கட்டியிருக்கோம்"னு விரட்டினார். போனேன். ஒரு கியர் அதிகமாவே வச்சு, பிரேக்கையே தொடாம, ரெண்டு சுத்து மெதுவா, எனக்கு நானே சைட்டிங் லேப் போட்டேன். எந்த போர்டு, எந்த மார்ஷல் கூண்டு, ஏத்தத்துல எந்த இடத்துல வானம் மறைஞ்சு ரோடு தெரியுதுன்னு பார்த்துப் பார்த்து. அதுக்கப்புறம் ஓட்டின கடைசி எட்டு சுத்து இருக்கே... டர்ன் 3-ல ஏறி, அந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டர் விரியுறப்போ ஹெல்மெட்டுக்குள்ள சிரிச்சேன். 10-ஐயும் 11-ஐயும் ஒரே வளைவா, பொறுமையா, கடைசி வரைக்கும் முறுக்காம. அவ்வளவு அழகான வளைவு. அண்ணாச்சிக்கு அது கிடைக்கலை. அதுதான் எனக்கு இன்னைக்கும் வயித்தெரிச்சல்.

திரும்பி வர்றப்போ அவருக்கு அப்பர் பெர்த். கையில தூளி. டிடிஇ பார்த்துட்டு, ஒரு வார்த்தை பேசாம லோயர் மாத்திக் கொடுத்தார். நாக்பூர் தாண்டினதும் அண்ணாச்சி, "தம்பி, அந்த வீடியோவை எடுடே"ன்னார். எடுத்தேன். டர்ன் 10 வந்ததும் நிறுத்தச் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இதுல தெரியவே இல்லியே"ன்னார்.

அந்தக் குழுவுக்கு ரெண்டு தடவை மெயில் போட்டேன். படிவத்துல ஒரு கேள்வி, ஆளுக்கு ஒரு பனியன், வெட்டாத முதல் செஷன், அவ்வளவுதான் கேட்டேன். மன்னிப்பு கேட்கலை, காசு திருப்பிக் கேட்கலை. பதில் வரலை. அடுத்த டிராக் டேக்குப் பத்து சதவீதம் தள்ளுபடின்னு கூப்பன் மட்டும் வந்துச்சு.

அண்ணாச்சிக்கு பிளேட் வச்சு ஆபரேஷன் ஆச்சு. இப்போ கை தோளுக்கு மேல தூக்குறார். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேல ஒரு டிராக் டே வருது, ரெண்டு பேருமே அங்க ஓட்டினதில்லை. அவர் போகணும்கிறார், அவர் வீட்டுல அக்கா என்கிட்ட பேசுறதில்லை. போன சனிக்கிழமை பாரிமுனை போயிருந்தேன். ரெண்டு பனியன் வாங்கினேன். நடத்துறவங்க சொன்னாலும் சொல்லாட்டியும் நாங்க போட்டுக்கப் போறோம். கடைக்காரர் எந்த சைட்டுன்னு கேட்டார். வலது, இடது, எல்லா சைடும்தான் அண்ணேன்னேன். அவருக்குப் புரியலை. ஒண்ணு எக்ஸ்எல்.

பி.கு: ரயில்ல பைக் பார்சல் போடுறவங்க பெட்ரோலை வீட்டிலேயே வடிச்சுட்டுப் போங்க. ஸ்டேஷன்ல போய் வடிக்கலாம்னு போனா பாட்டில் தேடி அலையணும், நான் அலைஞ்சேன். ஆர்சி புக் நகலும் அடையாள அட்டை நகலும் ரெண்டு ரெண்டு எடுத்துக்குங்க. கண்ணாடியைக் கழட்டித் தனியா பையில வச்சுக்குங்க. என்னோட இடது கண்ணாடி புது டில்லியில இறங்கவே இல்லை.